ஜன்னல் வைத்த முட்டை

என் ஆபீஸ் மேஜையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அதில் பாதி வரை உமி, உமிக்கு மேலே ஒரு நாட்டுக்கோழி முட்டையின் வெறும் கூடு. மேல்புறத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சதுரமாக வெட்டி எடுத்து, அந்த இடத்தில் தெளிவான டேப் ஒட்டியிருக்கும். டேப் இப்போது மஞ்சள் பாரித்துவிட்டது. குஞ்சு வாங்க வருகிறவர்களின் கண் முதலில் அதில்தான் விழும். "என்ன மொதலாளி, முட்டைக்கு ஜன்னலா?" என்று சிரிப்பார்கள். நானும் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். அது டீச்சரம்மா என் மிஷினில் வைத்துவிட்டுப் போன கடைசி முட்டை. டம்ளரைத் தினமும் நானே துடைத்து வைக்கிறேன். வேலை செய்கிறவர்கள் யாரையும் தொட விடுவதில்லை.

நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. தேவைக்கு மேலேயே சொல்லிக்கொள்வேன் என்று என் மகள் கேலி செய்வாள். சைக்கிள் கேரியரில் மூங்கில் கூடை கட்டி, மார்க்கையன்கோட்டையில் தொடங்கி ஊர் ஊராகக் கோழி விற்றவன், இன்று சின்னமனூர் ரோட்டில் குஞ்சு பொரிக்கும் பண்ணைக்குச் சொந்தக்காரன். கம்பத்திலிருந்து வருசநாடு வரை நல்ல நாட்டுக்கோழிக் குஞ்சு எங்கே கிடைக்கும் என்று கேட்டால் என் பண்ணைக்குத்தான் வழி சொல்வார்கள். மிஷின் விற்ற கம்பெனிக்காரனே தன் ஆட்களை என்னிடம் அனுப்பி வேலை பழகச் சொன்ன காலம் உண்டு. முட்டையை எடுத்துக் கண்ணிமையில் ஒரு கணம் ஒற்றினால் போதும், உள்ளே சூடு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். தெர்மாமீட்டர் அதற்குப் பிறகுதான் ஒத்துக்கொள்ளும். இப்படிப்பட்டவனிடம் வந்து, உனக்குத் தெரியாத இடம் ஒன்று உன் மிஷினுக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டியவர் அந்த அம்மா. அதனால் அவர் மேல் எனக்கு மரியாதையும் இருந்தது, கோபமும் இருந்தது. இரண்டும் இன்னும் போகவில்லை.

டீச்சரம்மா காலேஜில் விலங்கியல் பாடம் நடத்தியவர். கம்பம் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவ கிராமத்தில் பிறந்தவர். அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதல் தடவை ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது பிளாஸ்டிக் கூடையோடு நின்றார். குஞ்சு வாங்க வந்தவர் என்று நினைத்தேன்.

"அண்ணே, கரு கூடுன முட்டை வேணும். மிஷின்ல வச்சு ஒன்னரை நாள் ஆகியிருக்கணும்."

"ஒன்னரை நாள் முட்டைல என்னம்மா இருக்கும்? வெறுந்தண்ணி. ஆம்லேட்டுக்குக்கூட ஆகாதே."

"அந்தத் தண்ணியத்தான் பாக்கணும்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மிஷினில் வைத்து ஒரு வாரம் கழித்து இருட்டறையில் முட்டையைத் தூக்கி லைட் அடித்துப் பார்ப்போம். உள்ளே சிவப்பு நரம்பு ஓடினால் கரு, ஓடாவிட்டால் கூமுட்டை. அந்த லைட் அடிக்கும் நாள் வரை அது எங்களுக்கு முட்டைதான், உயிர் என்ற பேச்சே கிடையாது. முதல் இரண்டு மூன்று நாட்களில் கரண்ட் போனால்கூட ஆட்கள் பதறமாட்டார்கள். கடைசி வாரத்தில் போனால்தான் ஜெனரேட்டருக்கு ஓடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இத்தனை வருடத்தில் யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை.

வாங்கிப்போன முட்டைகள் ரோட்டுக் குலுக்கலில் கலங்கிவிடுகின்றன என்று சொல்லி, அடுத்த மாதமே ஒரு பழைய மைக்ராஸ்கோப்பைக் கொண்டுவந்து என் ஆபீஸ் மூலையில் போட்டுவிட்டார். சனிக்கிழமை தோறும் வருவார். ஓட்டில் சின்னக் கத்தரியால் ஜன்னல் வெட்டுவார். மஞ்சள்கருவின் மேல் படர்ந்த மெல்லிய தோலுக்கு அடியில் ஊசியால் ஒரு சொட்டுக் கறுப்பு மை விடுவார். கறுப்பு பரவியதும் அதன் மேல் வெள்ளையாக ஒன்று மிதந்து தெரியும். மேற்கொண்டு வளர்த்துப் பார்க்க வேண்டிய முட்டைகளுக்கு டேப் ஒட்டி மிஷினின் மேல் தட்டில் வைத்துவிடுவார். "இன்னைக்கி எத்தனை பேரக் கொல்லப்போறீக டீச்சரம்மா?" என்று நான் வம்புக்கு இழுப்பேன். "நீங்க விக்கிற குஞ்செல்லாம் காசிக்கா போகுது? கொழம்புக்குத்தான போகுது!" என்பார். ஒவ்வொரு முட்டையையும் வெட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்திருப்பார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்து ஒருநாள் கேட்டும்விட்டேன். "இல்லண்ணே, சூடு எறங்கிருச்சான்னு பாக்குறேன்" என்று சிரித்தார்.

ஒரு சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் குழாயில் கண் வைக்கச் சொன்னார். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு தெரிந்தது: வாழைக்குருத்து. நம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? வாழையில் சுருண்டிருக்கும் குருத்து விரிந்து இலையாகும். இங்கே அது தலைகீழ். விரிந்து கிடந்த ஒரு சின்ன இலையின் இரண்டு ஓரமும் மேலே எழும்பி, ஒன்றை ஒன்று நோக்கி வளைந்து, ஓரிடத்தில் ஒட்டி, அங்கிருந்து இரண்டு பக்கமும் மூடிக்கொண்டே போய்க் குருத்தாகிறது. அந்தக் குருத்தின் மேல்நுனி உப்பி மூளையாகும், மிச்சம் முதுகுத்தண்டுக்குள் ஓடும் நரம்பாகும் என்றார் டீச்சரம்மா. வெறுந்தண்ணி என்று நான் சொன்ன நாளில் அங்கே ஒரு தலை உண்டாகிக்கொண்டிருந்தது. என் மிஷின், என் முட்டை, என் கரண்ட். எனக்குச் சொல்லாமலே இது நடந்திருக்கிறது.

விடுவேனா? கேட்டேன். "எல்லாம் ஒரே முட்டைலருந்து வந்ததுதான? நீ மூளையாகு, நீ காலாகுன்னு யாரு சொல்றது?" அவர் சொன்னது எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். உடம்பில் எந்த இடத்துச் செல்லை எடுத்தாலும் அதற்குள் எல்லா ஜீனும் இருக்கிறது. மூளைக்கு உண்டான ஜீன் காலிலும் இருக்கும். ஆனால் அங்கே அது வாயைத் திறக்காது. எந்த ஜீன் எங்கே வாய் திறக்கிறது, எங்கே மூடிக்கொள்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த இலைக்கு அடியிலும் ஓரத்திலும் இருக்கும் சில செல்கள் ஒரு சத்தைக் கசிய விடும். பக்கத்தில் இருப்பதற்கு அது நிறையக் கிடைக்கும், தள்ளி இருப்பதற்குக் குறையும். கிடைத்த அளவைப் பொறுத்து உள்ளே ஒரு ஜீன் திறக்கும், இன்னொன்று அடங்கும். அதைக்கொண்டு இது முன்மூளை, இது பின்மூளை, இது தண்டு என்று பிரியும்.

"அப்ப இது நம்ம வாய்க்கா பாசனம்" என்றேன். "தலமடைக்காரன் நெல்லுப் போடுவான். கடமடைக்காரன் எட்டுற தண்ணிக்குச் சோளம் போடுவான். மண்ணு ஒன்னுதான்."

டீச்சரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டிச் சிரித்தார். அந்த உதாரணத்தைக் காலேஜில் என் பெயரைச் சொல்லியே நடத்தினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதை நான் சொல்லாத கல்யாண வீடு இந்தப் பக்கத்தில் கிடையாது. ஆனால் அன்று சிரித்து முடித்ததும் அவர் சொன்ன இன்னொன்றை நான் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. "ஒரு வித்தியாசம் இருக்குண்ணே. வயலுக்கு இந்தப் போகம் தப்புனா அடுத்த போகம் உண்டு. இதுக்கு அந்த நேரம் ஒன்னுதான். தப்புனா மறு உழவு கிடையாது."

அதன் அர்த்தம் கொஞ்ச நாளில் தெரிந்தது. ஒரு தொகுதிக் குஞ்சு பொரித்தபோது பலது ஓட்டை உடைக்காமலே செத்துக்கிடந்தது. உடைத்துப் பார்த்தால் மண்டை மேலே மூடாமல் மூளை வெளியே தெரிந்தது. பொரிக்கும் அறையைப் பார்த்துக்கொண்டவனைப் பிடித்து, "ஏலே, என்னத்தலே செஞ்சு தொலைச்ச?" என்று கிழித்துவிட்டேன். தப்பு எங்கே தெரிகிறதோ அங்கேதான் நடந்தது என்று தேடுவது எங்கள் தொழிலின் புத்தி. டீச்சரம்மா ஒரு குஞ்சைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவர விடுங்கண்ணே. இது இன்னைக்கி நேத்து நடந்ததில்ல. மொத ரெண்டு நாள்ல நடந்தது. இன்னைக்கித்தான் நமக்குத் தெரியுது" என்றார். போய்ப் பார்த்தால், முட்டை முதலில் வைக்கும் மிஷினில் ஒரு மூலைக் காற்றாடி நின்றுபோயிருந்தது. அந்த மூலை கொதித்திருக்கிறது. கண்ணிமைக்காரன் நான் அந்த மூலைக்குப் போகவே இல்லை. முதல் இரண்டு நாள் யார் போவார்?

இதையெல்லாம் நான் பண்ணைக் கதையாகத்தான் வைத்திருந்தேன், என் மகள் விஷயம் நடக்கும் வரை.

எனக்கு ஒரே மகள். பெரியகுளத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பத்தில் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் வாரத்தில் சில நாள் வந்து பண்ணைக் கணக்கைப் பார்த்துவிட்டுப் போவாள். முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டோம். ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுத்த டாக்டர் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாராம். தலையின் மேல் எலும்பு கூடவில்லை, மூளை வளரவில்லை, பிறந்தாலும் தங்காது என்று பிறகு எங்களை உட்கார வைத்துச் சொன்னார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கேயும் அதையே சொன்னார்கள். அதற்குப் பிறகு நடக்க வேண்டியது நடந்தது. அதை விவரமாக எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் கிடக்கும்போது, சம்பந்தியம்மா அவள் காதில் விழவே சொன்னார்: "ஆயிரம் குஞ்ச நசுக்கிக் குழியில கொட்டுற வீடு. அந்தப் பாவம் எங்க போயி ஒட்டும்?" பொரிக்காத முட்டையையும் ஊனக் குஞ்சையும் குழியில் போட்டுச் சுண்ணாம்பு தூவி மூடுவது எல்லாப் பண்ணையிலும் நடப்பதுதான். என்னிடம் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவளிடம் சொல்லிவிட்டார்கள். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு பண்ணைப் பக்கமே திரும்பவில்லை. தூக்கம் கிடையாது. பப்பாளி தின்றேன், ஸ்கூட்டரில் போனேன், கிரகணத்தன்று வாசலில் நின்றேன் என்று தன் மேலேயே குற்றம் சேர்த்துக்கொண்டே போனாள். மாப்பிள்ளை தினமும் போன் செய்வார். அவர் அம்மாவோ பரிகாரம் முடியட்டும், பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளினார். "இனி எனக்குப் புள்ளையே வேணாம்ப்பா, அங்கன திரும்பிப் போகவும் வேணாம்" என்றாள் மகள்.

எனக்குள்ளும் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. நின்றுபோன காற்றாடி. கொதித்த மூலை. ஆரம்ப நாட்களில், யாருக்கும் தெரியாதபோது, இவள் என் மிஷின் அறைக்குள் போய் வந்தாளே? டீச்சரம்மாவைத் தனியே நிறுத்திக் கேட்டேன். "முட்டைக்கு வெளிச் சூடுதான் சூடு. அம்மா வயித்துக்குள்ள அப்படி இல்லண்ணே, உடம்பு தன் சூட்டத் தானே நிதானமா வச்சுக்கிரும். கடுமையான காய்ச்சல்னா வேற பேச்சு. கொஞ்ச நேரம் அறைக்குள்ள போயிட்டு வந்ததால வந்ததா எனக்குத் தோணல" என்றார். "தோணல" என்ற வார்த்தை எனக்குப் போதவில்லை. ஆனாலும் பெரியகுளத்துக்கு வந்து நாலு வார்த்தை சொல்லுங்கள், படித்தவுக சொன்னால் கேட்பாக என்று கெஞ்சினேன். கெஞ்சிப் பழக்கமில்லாதவன் நான்.

வந்தார். மகளையும் கூட்டிக்கொண்டு போனோம். சம்பந்தி வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து டீச்சரம்மா தன் இரண்டு கையையும் விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெளி ஓரங்களை மெல்ல மேலே தூக்கி, உள்நோக்கி வளைத்து, விரல்நுனிகளை ஒட்டினார். "இப்படி மூடணும். மேல்நுனி மட்டும் மூடாம நின்னுருச்சு. நாள் தள்ளிப்போச்சோன்னு இந்தப் பொண்ணு நெனைக்கிறப்பவே இந்த வேலை கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சும்மா. அதுக்கப்புறம் தின்னதுக்கும் நடந்ததுக்கும் இதுல பங்கில்ல. கோழிக்குஞ்சுக் குழிக்கும் பங்கில்ல."

சம்பந்தியம்மா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் இறங்கிவிட்டது. "சரி. அப்ப ஏன் மூடல? எங்க வீட்டுப் புள்ளைக்கு மட்டும் ஏன்?"

நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கேட்டேன்.

"தெரியலம்மா" என்றார். "சத்துக் குறைவால வரலாம், அதுக்கு மாத்திரை இருக்கு. ஜீன்லருந்து வரலாம். பலது சேந்தும் வரலாம். இந்தப் பொண்ணுக்கு எதனாலன்னு என்னால சொல்ல முடியாது."

"இம்புட்டுப் படிச்சும் தெரியாதாக்கும்!" என்று எழுந்து உள்ளே போய்விட்டார் சம்பந்தியம்மா.

திரும்பும் வழியில் நான் காரை ஓரம் கட்டிவிட்டுச் சத்தம் போட்டேன். "ஒரு பொய்யி சொன்னா என்ன டீச்சரம்மா? மாத்திரை பத்தலன்னு அடிச்சுச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே? எம் மக வாழ்க்கை போகுது, உங்களுக்கு உங்க பாடம் பெருசாப் போச்சு!" அவர் கோபப்படவில்லை. "மாத்திரை பத்தலன்னு சொன்னா, சாப்பிடாம விட்டது யாருன்னு கேப்பாகண்ணே. மறுபடி இவ தலையிலதான் வந்து விழும்" என்றார். "அதுவுமில்லாம, இன்னைக்கி நான் ஒரு பொய்யச் சொல்லிட்டா, நாளைக்கி டாக்டர் தர்ற ஃபோலிக் ஆசிட் மாத்திரைய நாள் தள்ளுறதுக்கு முந்தியே ஆரம்பிங்கன்னு உண்மையச் சொல்றப்ப யாரு நம்புவா? அது முழுக்கக் காப்பாத்துமான்னு கேட்டா அதுக்கும் என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆபத்தக் குறைக்கும். அது தெரியும். தெரிஞ்சத மட்டுந்தான சொல்ல முடியும்?"

பின்சீட்டிலிருந்து மகள் பேசினாள். வாரக்கணக்கில் அவள் ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்கவில்லை.

"அப்பா, எல்லாருக்கும் காரணம் தெரிஞ்சிருந்துச்சு. அத்தைக்குத் தெரிஞ்சிருந்துச்சு, பக்கத்து வீட்டுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. உங்களுக்கும் ஒன்னு தெரிஞ்சிருந்துச்சு, வாய்விட்டுச் சொல்லல, அவ்வளவுதான். இவுக ஒருத்தவுகதான் தெரியலன்னு சொன்னாக. எனக்கு அது போதும்ப்பா."

வீடு வந்து சேரும் முன்பே தூங்கிவிட்டாள். வாசலில் வண்டியை நிறுத்தியும் எழுப்பாமல் நாங்கள் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். டீச்சரம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்தவராகத் தெரியவில்லை.

சில வாரத்தில் மாப்பிள்ளை தானே வந்து அவளை அழைத்துக்கொண்டு போனார். அவர் அம்மா வரவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. மகள் வீட்டில் இருந்தவரை முட்டை வெட்ட வராமல் இருந்த டீச்சரம்மா மறுபடி சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினார். நான் மாறினேனா என்றால், முதல் இரண்டு நாள் முட்டைகளுக்கென்றே தனி ஜெனரேட்டர் போட்டேன். இந்தப் பக்கத்தில் அப்படி வேறு யாரிடமும் கிடையாது. டீச்சரம்மாவிடம் அதைக் காட்டியபோது, "பெரிய ஆளுண்ணே நீங்க" என்றார். கேலியா நிஜமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

போன வருடம் ஒரு சனிக்கிழமை முட்டைக்கு ஜன்னல் வெட்டி, டேப் ஒட்டி, மேல் தட்டில் வைத்துவிட்டு, "நாளைக்கிக் கோயிலுக்குப் போயிட்டு வந்து பாக்குறேன்" என்று கிளம்பினார். மறுநாள் பூசைக்குப் புறப்படும்போது வீட்டு வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். அவர் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், திராட்சைப் பந்தல்கள் தெரிகிற பக்கமாக அடக்கம் செய்தார்கள். அவரிடம் படித்த பிள்ளைகள் நிறையப் பேர் அழுதார்கள். நான் ஓரமாக நின்றேன். திரும்பி வந்து மிஷினைத் திறந்தால் அந்த முட்டை இருக்கிறது. லைட் அடித்துப் பார்த்தேன். நரம்பு கொஞ்ச தூரம் ஓடி நின்றிருந்தது. குழியில் போட மனம் வரவில்லை. உள்ளே இருந்ததைக் கிணற்றடி எலுமிச்சைக்கு அடியில் புதைத்துவிட்டு, கூட்டைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டேன்.

மகள் இப்போது மறுபடி உண்டாகியிருக்கிறாள். நாள் தள்ளுவதற்கு மாதங்களுக்கு முன்பே மாத்திரையைத் தொடங்கி, ஒரு நாள் விடாமல் சாப்பிட்டிருக்கிறாள். போன தடவை மாதிரியே தலையைப் பார்க்கத்தான் இன்று ஸ்கேன். இது எனக்கு எவ்வளவு கொடுமையாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? இன்று டாக்டர் காணப்போவது இன்று நடக்கப்போவதில்லை. மூடியதோ மூடவில்லையோ, அது என்றோ முடிந்துபோன காரியம். நாங்கள் யாரும் பார்க்காதபோது, அவளுக்கே தெரியாதபோது முடிந்தது. மூணு ஜெனரேட்டர் வைத்திருக்கும் நான் அதற்கு ஒரு விசிறிகூட வீச முடியாது.

காலையில் பெரியகுளத்துக்குக் காரோடு போய் அவளையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு கிளம்புவதாக ஏற்பாடு. அதற்கு முன்பே அவர்கள் பண்ணைக்கு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வெளியே நிற்க, மகள் மட்டும் ஆபீசுக்குள் வந்தாள். அவள் இந்த அறைக்குள் கால் வைத்து எத்தனையோ காலம் ஆகிறது. மைக்ராஸ்கோப் இருந்த மூலையைப் பார்த்தாள். பிறகு டம்ளரிலிருந்து முட்டையை எடுத்து, உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பா, இந்தவாட்டி எல்லாம் நல்லா இருக்கும்ல?"

அவள் பிறந்ததிலிருந்து அவள் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாமல் நான் நின்றதில்லை. தெரிந்தாலும் சொல்வேன், தெரியாவிட்டாலும் சொல்வேன். இருக்கும் ஆத்தா, அப்பா இருக்கேன்ல என்று நாக்கு நுனி வரை வந்தது. அந்தப் பின்சீட்டுத் தூக்கம் ஞாபகம் வந்தது.

"தெரியல ஆத்தா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். முட்டையைத் திரும்ப உமியில் வைத்தாள், ஜன்னல் மேலே பார்த்திருக்கும்படி.

"வாங்கப்பா, போவோம்" என்றாள்.